ஓடுதளத்தில் ஓடக் கூடாது

மனித குலம் விளையாட்டில் உச்சத்தைத் தொட்ட இடம் எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் அந்த மலைக் கல்லூரியைக் கைகாட்டலாம். அதைவிட உச்சத்தில் வேறு கல்லூரி கிடையாது. அதற்கு மேலே இருப்பது மேகம்தான். மேகம் இன்னும் கல்லூரி நடத்த அனுமதி கேட்கவில்லை.

அந்தக் கல்லூரியின் விளையாட்டு வசதிகளைச் சுருக்கிச் சொன்னால் அவற்றை அவமதித்தது போலாகும். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கால்பந்து மைதானம் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. பந்து அந்தப் பக்கம் போனால் ஆட்டம் முடிந்ததாகக் கொள்ளப்படும். பெரும்பாலும் முதல் உதையிலேயே முடிந்துவிடுவதால் மாணவர்களின் படிப்பு கெடுவதில்லை. இறகுப்பந்தும் உண்டு. இறகு காற்றோடு எதிர்மலைக்குப் போய்விடும். மட்டை மட்டும் பத்திரமாக இருக்கும். உடற்பயிற்சிக் கூடத்துக்கென்று வாங்கிய இரும்பு எடை, முதல்வர் அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கும் பொறுப்பான பணியில் இருக்கிறது.

இவை அனைத்துக்கும் தலைவர் விளையாட்டு ஆசிரியர். மாணவர்கள் அவரை 'விசில்' என்பார்கள். சமவெளியிலிருந்து வேலைக்கு வந்த நாள் முதல் அவருடைய விசில் ஒலித்ததில்லை. ஊதுவதற்கு வேண்டிய மூச்சு அந்த உயரத்தில் அவருக்குக் கிடைக்கவில்லை. கன்னம் உப்பினால் ஆட்டம் ஆரம்பம், கண் பிதுங்கினால் ஆட்டம் முடிவு என்று மாணவர்களே புரிந்துகொண்டார்கள்.

இத்தனைக்கும் மணிமகுடமாக விளங்குவது அந்தக் கல்லூரியின் ஓடுதளம். அதை உருவாக்கிய பெருமை கொத்தனாரைச் சேரும். அவர் கட்டடம் கட்டாத நாளில் மற்றவர் கட்டியதைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர். அவருக்கு மனைவியே சித்தாள். மகள் அதே கல்லூரியில் படிக்கிறாள். காலேஜுக்குப் போன பிறகும் வீட்டில் அவள் 'பாப்பா'தான்.

பாப்பா ஓடுவாள். கழுதை போகும் மண்பாதையில், விடியற்காலையில், கழுதைகள் ஒதுங்கி வழிவிடும்படி ஓடுவாள். மலையேறி வந்ததிலிருந்து விசில் சார் வாய் திறந்து பாராட்டியது அவள் ஒருத்தியைத்தான். அதுவும் பாதியில் மூச்சு வாங்கியதால் "பிரமா…" என்று நின்றுவிட்டது. மீதியை அவளே போட்டுக்கொண்டாள்.

கல்லூரிக்கு விடுமுறை விட்டிருந்த மாதம். பாப்பா கீழே அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். முதல்வரும் மலையில் இல்லை. குளிர் தாங்காமல், 'உயர்மலைக் கல்வியின் சவால்கள்' என்ற கருத்தரங்கில் கலந்துகொள்ளச் சமவெளியில் தங்கியிருந்தார். அங்கிருந்து கொத்தனாரை போனில் கூப்பிட்டார்.

"கொத்தனாரே, நம்ம காலேஜுக்கு ஓடுதளம் போடணும்."

கொத்தனாருக்குத் தளம் என்றால் இரண்டே வகை. சிமெண்டு பூசி விடுவது ஒன்று. அதன்மேல் ஓடு பதிப்பது இன்னொன்று. மொட்டை மாடிக்குப் பதிப்பார்களே சிவப்பாக, அந்தத் தட்டோடு.

"ஓடு தளம்தானேங்கய்யா? போட்டுடலாம். எந்த எடத்துல?"

"மைதானத்தைச் சுத்தி. முட்டை மாதிரி வளைஞ்சு வரணும். நடுவுல புல்லு அப்படியே இருக்கட்டும்."

"கலரு?"

"சிவப்புதான். உலகம் பூரா சிவப்புதான்."

"அது சரிங்க. வாட்டம் எந்தப் பக்கம் வச்சுக்கட்டும்?"

தண்ணீர் தேங்காமல் வடிவதற்காகத் தளத்தை ஒரு பக்கம் லேசாகச் சரித்துப் போடுவார்கள். கொத்தனார் பேச்சில் அதற்குப் பெயர் வாட்டம். முதல்வர் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் பேச்சில் வாட்டம் என்றால் முகம் சுருங்குவது.

"வாட்டமா? நம்ம கல்லூரியில எந்தப் பக்கமும் வாட்டமே இருக்கக் கூடாதுய்யா. எல்லாப் பக்கமும் மலர்ச்சியா இருக்கணும்."

"வாட்டம் இல்லன்னா தண்ணி நிக்குமேங்க."

"நல்லதுதானே. பசங்களுக்குத் தாகம் எடுக்கும்."

காற்று பலமாக அடித்தது. போன் அறுந்தது. ஒரு மாபெரும் திட்டத்துக்கு வேண்டிய தொழில்நுட்ப ஆலோசனை இவ்வாறு இனிதே நிறைவுற்றது.

கொத்தனார் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் நூல் பிடித்தாற்போல் இடைவெளி. வளைவில் ஓடுகளை வெட்டி வெட்டிப் பதித்ததில் விரல் நுனியெல்லாம் தேய்ந்தது. கலவைச் சட்டியை இறக்கிவைத்த அவர் மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இத்தாம் பெரிய முட்டையை வச்சு என்ன பண்ணுவாங்க?"

"ஏதாவது காயப் போடுவாங்க."

"எதை?"

"எனக்கென்னடி தெரியும்? புஸ்தகமா இருக்கும். மழையில நனைஞ்சிருக்கும்."

"இம்மாம் புஸ்தகமா படிக்கிறாங்க?"

"படிக்கிறாங்கன்னு யாரு சொன்னா? காயப் போடுறாங்கன்னுதான் சொன்னேன்."

வேலை முடிந்த அன்று விசில் சார் விடுமுறையிலிருந்து திரும்பினார். முதல்வர் கேட்டுக்கொண்டபடி நூலகத்தின் கூரையில் ஏறி ஒரு புகைப்படம் எடுத்து அனுப்பினார். பச்சைப் புல்லைச் சுற்றிச் செக்கச்செவேலென்று ஒரு வட்டம். உலகத் தரம் என்றால் அதுதான் உலகத் தரம். முதல்வர் அந்தப் படத்தை அங்கிருந்தபடியே விளையாட்டு வசதிகளை மதிப்பிடும் குழுவுக்கு அனுப்பினார். குழு 'கண்கொள்ளாக் காட்சி' என்று பதில் போட்டது. அதற்குப் பிறகுதான் விசில் சார் கூரையிலிருந்து இறங்கிப் போய் ஓடுதளத்தின்மேல் கால் வைத்தார். இரண்டாவது காலை வைப்பதற்குள் உட்கார்ந்துவிட்டார்.

விடுமுறை முடிந்து பாப்பா வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அப்பா, என்னப்பா இது?"

"ஓடு தளம். எப்படி இருக்கு?"

"ஓடுதளம்னா ஓடுற தளம்ப்பா!"

"தளம் எங்கடி ஓடும்? நானே பதிச்சிருக்கேன், இந்த ஜென்மத்துல அசையாது."

"தளம் ஓடாதுப்பா. நாங்க ஓடணும். அதுமேல!"

கொத்தனார் மெல்ல மகளைப் பார்த்தார், தளத்தைப் பார்த்தார். அதிகாலைப் பனி இறங்கி, வாட்டமில்லாத தளத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதற்குள்ளாகவே ஓரங்களில் பாசி தலைகாட்டியிருந்தது. தன் வாழ்நாளில் போட்டதிலேயே அழகான தளம் அது.

வழுக்கும் என்று நம்ப மனமில்லாமல் மறுநாள் பாப்பா ஒரு சுற்று ஓடப் பார்த்தாள். முதல் வளைவுக்கு மேல் போகவில்லை. முழங்கால் பெயர்ந்து, ரத்தம் வழிய வீட்டுக்கு வந்தாள். கொத்தனார் அந்தக் காயத்தைக் கழுவிவிட்டு நேரே முதல்வர் அறைக்குப் போனார். இரும்பு எடை காவலுக்கு இருந்தது. உள்ளே முதல்வரோடு தமிழ்த்துறை ஐயாவும் விசில் சாரும் இருந்தார்கள்.

"ஐயா, தப்பு நடந்துபோச்சு. நீங்க ஓடுற தளம் சொன்னீங்க, நான் ஓடு போட்ட தளம்னு நெனச்சுட்டேன். ஒரு வாரம் குடுங்க. எல்லாத்தையும் பேத்துட்டு மண்ணைக் கொட்டிக் குடுத்துடுறேன்."

தமிழ்த்துறை ஐயாவின் முகம் ஒளிவிட்டது.

"அருமை! ஓடுதளம் என்பது வினைத்தொகை. ஓடிய தளம், ஓடுகின்ற தளம், ஓடும் தளம்னு மூணு காலத்துக்கும் விரியும். நம்ம கொத்தனார் அதைப் பெயராக்கிட்டார். இந்தத் தளத்துல மூணு காலத்துலயும் ஓட முடியாது. இலக்கணப்படி இது ரொம்ப அபூர்வம்."

"பேக்குறதா?" என்றார் முதல்வர். "யோவ், குழு பாராட்டிட்டாங்கய்யா. இப்ப பேத்தா, பாராட்டினது தப்புன்னு ஆயிடாதா? அவங்க மனசு என்ன பாடுபடும்?"

"எம் பொண்ணு முட்டி பேந்துடுச்சுங்க."

"பயிற்சி இல்ல. சமவெளியில இருக்கிறவன் ஓட மட்டும்தான் பழகுறான். நம்ம பசங்க விழாம இருக்கவும் பழகணும். இது சாதா ஓடுதளம் இல்ல, 'உயர்மலைச் சமநிலைத் தளம்'. என்ன சார் சொல்றீங்க?"

விசில் சார் தற்காலிக ஆசிரியர். கன்னத்தை உப்பினார். அதை முதல்வர் ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே தளத்தின் பாதுகாப்புக்காக அறிவிப்புப் பலகை வைக்கப்பட்டது: 'ஓடுதளத்தில் ஓடக் கூடாது. மீறுவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும்.' இவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பராமரிக்கப்படும் ஓடுதளம் வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லை. வெயில் ஏறித் தண்ணீர் வற்றிய பிறகு விடுதிக் கம்பளிகள் அங்கே நன்றாகக் காய்ந்தன. கொத்தனார் மனைவி அதைப் பார்த்துவிட்டு வந்து, "நீங்க சொன்னது சரிதாங்க. புஸ்தகத்துக்குப் பதிலா போர்வை" என்றாள். கொத்தனார் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

பாப்பா பழையபடி கழுதைப் பாதைக்கே போனாள். கீழே டவுன் மைதானத்தில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். விசில் சார் அவள் பெயரைக் கொடுத்திருந்தார். எடுபட்டால் உண்மையான பயிற்சியாளர், உண்மையான மைதானம். இந்த வருஷம் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் அவள் எவ்வளவு ஓடினாலும் கழுதைகள்தான் பார்க்கும்.

அப்போதுதான் மதிப்பீட்டுக் குழு தளத்தை நேரில் பார்க்க வரும் தேதி தெரிந்தது. தேர்வு நடக்கும் அதே நாள்.

முதல்வர் பாப்பாவையும் அவள் அப்பாவையும் கூப்பிட்டனுப்பினார். "டவுனெல்லாம் அடுத்த வருஷம் போகலாம். குழு முன்னாடி நம்ம தளத்துல ஓடிக் காட்ட ஒரு ஆள் வேணும். நம்ம கல்லூரியில ஓடுற ஆளே நீ ஒருத்திதாம்மா."

"சார், அடுத்த வருஷம் வயசு தாண்டிடும்."

"வயசு என்னம்மா வயசு? கல்லூரி நிரந்தரம்."

"ஐயா, வழுக்குங்க," என்றார் கொத்தனார்.

"உங்க வேலைமேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா கொத்தனாரே?"

கொத்தனார் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். அது எந்த வேலைக்காரனையும் மடக்கிவிடும் கேள்வி.

குழு வரும் நாள் விடிந்தது. கொத்தனாரும் மனைவியும் சாக்குத் துண்டை வைத்துக்கொண்டு குந்திக் குந்திப் பாசியைத் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்கப் பனி இறங்கியது. கொத்தனார் ஒரு கூடை மணலைக் கொண்டுவந்து தூவினார். எங்கிருந்தோ முதல்வர் ஓடிவந்தார். தளத்தை ஒட்டியிருந்த புல்லில்தான் ஓடிவந்தார், விவரமானவர்.

"மணலைக் கூட்டுய்யா! சிவப்பு மறையுது!"

கூட்டினார்கள். கொத்தனார் மனைவி துடைப்பத்தை ஓங்கிப் போட்டாள்.

"ஓடினா கால் போயிடும், ஓடலைன்னா பொழப்பு போயிடும். நல்ல தளம் போட்டீங்க, போங்க."

"நான் என்னடி பண்ணட்டும்? அவர் ஓடுன்னார், நானும் ஓடுன்னு நெனச்சேன்."

"எதைக் கேட்டாலும் உங்களுக்குச் செங்கல்லும் ஓடும்தான். கல்யாணத்துல எங்கப்பா 'பொண்ணைக் கரை சேருங்க'ன்னாரு. நீங்க கரைன்னா கலவை கரைக்கிறதுதானேன்னு கரண்டியை எடுத்துட்டு வராம இருந்தீங்களே, அந்த மட்டும்!"

பாப்பா ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். கொத்தனார் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நடந்துடு பாப்பா. வேகமா நட, போதும். வர்றவங்களுக்கு மூச்சு வாங்குற அவசரத்துல அது நடையா ஓட்டமான்னு தெரியவா போகுது?"

"நடக்கமாட்டேன்ப்பா."

"அப்புறம்?"

அவள் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். விசில் சார் அவள் அருகே வந்து, எதையோ சொல்ல வாயெடுத்து, மூச்சு பற்றாமல், கையால் கல்லூரி வாசல் இருக்கும் திசையைக் காட்டிவிட்டுப் போனார். எப்போதும் சங்கிலி போட்டிருக்கும் வாசல் கதவு அன்று விரியத் திறந்து கிடந்தது. குழுவை வரவேற்கத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

குழு வந்தது. தலைவர் காதுக்குக் கம்பளி, கழுத்துக்குக் கம்பளி, இரண்டு கைக்கும் உறை அணிந்திருந்தார். உடம்பில் வெளியே தெரிந்தது மூக்கு மட்டும்தான், அதுவும் சிவந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "ஆரம்… பிக்கலாம்" என்றார்.

"எங்கள் கல்லூரியின் உயர்மலைச் சமநிலைத் தளத்தில் மாணவி இப்போது ஓடிக் காட்டுவார்!" என்று முதல்வர் ஒலிபெருக்கியில் முழங்கினார். மூடுபனி மைதானத்தின் பாதியை விழுங்கியிருந்தது. நாற்காலிகளுக்கு எதிரே ஒரு கீற்றுச் சிவப்பு தெரிந்தது. அதற்கு அப்பால் எல்லாம் வெள்ளை.

விசில் சார் விசிலை வாயில் வைத்தார். கன்னம் உப்பியது. சத்தம் வரவில்லை. விசிலைத் துப்பிவிட்டு, உள்ளே இருந்த காற்றையெல்லாம் திரட்டி ஒரே சொல்லாகச் சொன்னார்.

"போ!"

பாப்பா போனாள். ஓடுகளின்மேல் பூனை போல ஓர் எட்டு, இன்னோர் எட்டு. பனிக்குள் நுழைந்தாள். கொத்தனார் கண்ணை மூடிக்கொண்டு, விழும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டினார். சத்தம் வரவில்லை. ஓட்டின்மேல் கேட்ட காலடி திடீரென்று மாறியது. மண்ணில் விழுகிற காலடி அது, தொம் தொம்மென்று. பிறகு அதுவும் தேய்ந்து மறைந்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

"எங்க… காணோம்?" என்றார் தலைவர்.

"அதாங்க வேகம்," என்றார் முதல்வர். "கண்ணுல படாது."

இன்னும் காத்திருந்தார்கள்.

"ஒரு சுத்து… முடிஞ்சிருக்கணுமே?"

"முடிஞ்சுதுங்க. நீங்க தும்மினப்பதான் இந்தப் பக்கமா கடந்தாங்க. இப்ப மூணாவது சுத்து."

தலைவர் குறித்துக்கொண்டார். தான் தும்மியது அவருக்கு உண்மையிலேயே நினைவிருந்தது.

ஐந்தாவது சுற்று, ஏழாவது சுற்று என்று முதல்வர் பனியைப் பார்த்து எண்ணிக்கொண்டே போனார். பத்தாவது வந்ததும் விடுதிக் காப்பாளரைப் பார்த்துவர அனுப்பினார். காப்பாளர் புல்வழியாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வெளிறிப்போய் கொத்தனாரிடம் வந்தார்.

"என்னய்யா, உம் பொண்ணைக் காணோம்?"

கொத்தனார் வாசல் பக்கம் பார்த்தார். திறந்த கதவு. அதற்கு அப்பால் டவுனுக்கு இறங்கும் கழுதைப் பாதை. அவருக்கு நிதானமாகத்தான் புரிந்தது. புரிந்ததும் சிரிப்பு வந்தது.

"எம் பொண்ணு ஓடிப்போயிட்டாங்க," என்றார்.

காப்பாளர் வாயைப் பொத்திக்கொண்டார். "அடப்பாவி! யாரோட?"

"தனியாத்தாங்க."

"தனியா எப்படிய்யா ஓடிப்போவாங்க?"

"அவ தனியா ஓடித்தாங்க பழக்கம்."

"பொண்ணு ஓடிப்போயிட்டான்னு சொல்லிட்டு இளிக்கிற மனுஷனை இன்னிக்குத்தான் பாக்குறேன்," என்றாள் அவர் மனைவி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவளும் இளித்துக்கொண்டுதான் இருந்தாள்.

தலைவருக்குக் குளிர் எலும்புக்குள் போயிருந்தது. "கண்ணுக்கே தெரியாத… வேகம். மிகச் சிறப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கம்பளியோடு காரில் ஏறினார். தளத்தை நேரில் மிதித்துப் பார்க்க அவர் வற்புறுத்தவில்லை. பண்பானவர்.

மத்தியானத்துக்கு மேல் விசில் சாரின் போன் அடித்தது. அவர் எடுத்து, முகம் மலர்ந்து, பேச மூச்சில்லாமல், போனைக் கொத்தனார் காதில் வைத்தார்.

"அப்பா! எடுத்துட்டாங்கப்பா!"

"கால்ல ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லப்பா. கீழ காத்து எவ்வளவு கெடக்குது தெரியுமா? குடிச்சுக்கிட்டே ஓடினேன். எல்லாரும் பின்னாடி நின்னுட்டாங்க."

"தரை எப்படி?"

"மண்ணுதான்ப்பா. வெறும் மண்ணு." பிறகு அவசரமாகச் சொன்னாள்: "நீ போட்ட மாதிரி அழகா ஒண்ணும் இல்ல."

கொத்தனார் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூக்கைச் சிந்தினார். குளிர் அதிகம் என்றார்.

அனுமதி இல்லாமல் வெளியேறியதற்காகப் பாப்பாமீது முதல்வர் எழுதத் தொடங்கிய நடவடிக்கை, பத்திரிகையில் அவள் படம் வந்ததும் பாராட்டாக முடிந்தது. அடுத்த வாரம் கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு கல்வெட்டைக் கொடுத்தார். தளத்தின் முகப்பில் பதிக்க வேண்டும். வாசகம் முதல்வரே எழுதியது: 'இத்தளத்திலிருந்து ஓடிய முதல் மாணவி.'

கொத்தனார் கல்லை நிறுத்தி, கலவை பூசி, பின்னால் தள்ளி நின்று பார்த்தார். அவர் பார்த்த அரசாங்கக் கல்வெட்டுகளில் இவ்வளவு உண்மையான கல்வெட்டு இருந்ததில்லை.

"முதல்னு ஏன் போட்டேன் தெரியுமா?" என்றார் முதல்வர் பெருமிதத்தோடு. "இது ஆரம்பம்தான். இவளை மாதிரி இன்னும் பல பேர் ஓடணும். அதுக்கு இன்னும் என்னென்ன வசதி செய்யலாம்னு சொல்லுங்க கொத்தனாரே, தயங்காம சொல்லுங்க."

கொத்தனார் கரண்டியைக் கழுவினார்.

"புதுசா ஒண்ணும் வேணாங்கய்யா. இப்ப இருக்கிற வசதியே இப்படியே இருக்கட்டும். ஒருத்தர் மிச்சமில்லாம ஓடிடுவாங்க."